பூவும் மீனும் ஒரே பெட்டியில்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, "கவிதைக்குப் பெரிய அனுபவமெல்லாம் வேண்டாம், நாளுக்கு ஒரு சின்ன ஆச்சரியம் கிடைத்தால் போதும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரைக்கும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள், ஒருவர் பதினோரு கவிதை அனுப்பி எல்லாவற்றையும் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார் (ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன், கோபப்படாதீர்கள்). பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரில் பனைமரம், கருவாடு, பஸ் ஸ்டாப் தவிர எதுவும் கிடையாது. தினமும் அதே பஸ், அதே முகங்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது அண்ணா? (உச்சிப்புளி)

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஊரைப் புதிதாக வந்தவன் மாதிரி பார், குழந்தை மாதிரி பார் என்று. நானும் ரொம்ப வருடம் அதை நம்பித் திரிந்தவன்தான். இப்போது நம்புவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு எதெல்லாம் ஆச்சரியம் என்று தெரிய வேண்டுமா, பாம்பன் ரோட்டுப் பாலத்தில் போய் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். பழைய ரயில் பாலம் 1914-ல் வந்தது, கப்பல் போக நடுத்துண்டை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலோ எழுபத்திரண்டரை மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. ஆச்சரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அங்கே நிற்கிற இருநூறு பேர் செல்போனிலும் அதே படம்தான் இருக்கும்.

அதே ரோட்டுப் பாலத்தில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். மதுரையில் இருந்து ராமேஸ்வரம் போகிற பஸ். பாலம் வந்ததும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள், கண்டக்டர் கத்துகிறார், குழந்தைகள் கூச்சல், ஒரே களேபரம். என் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சப்பை, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். எழுப்பலாமா என்றுகூட நினைத்தேன். பாலம் முடிந்து சக்கரச் சத்தம் மாறியது பாருங்கள், இணைப்புக்கு இணைப்பு தடக் தடக் என்று வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றது, அந்த நொடியே கண்ணைத் திறந்தார். திறந்து, பையைச் சரிசெய்துகொண்டு, தங்கச்சிமடத்துக்கு இறங்கத் தயாராக உட்கார்ந்துவிட்டார். இந்த ரோட்டுப் பாலம் 1988-ல் திறந்தது. அன்றிலிருந்து எத்தனை தடவை கடந்திருப்பாரோ! கடலைக் காதாலேயே தாண்டுகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதைச் சுற்றுலா வந்தவர் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தங்கச்சிமடம் எங்கே வரும் என்றே தெரியாதே. வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் வழக்கம் பிசகுவது கண்ணில் படும். உங்கள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் தினமும் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? அவர் ஒருநாள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தால், அந்த பஸ்ஸில் அது உங்களுக்கு மட்டும்தான் உறைக்கும். அதே பஸ், அதே முகங்கள் என்று சலித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சலிப்புக்கு வரத்தான் வெளியூர்க் கவிஞனுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே நடந்தது இன்னொன்று. மீன் விற்கப் போகிற ஒரு அக்கா, தெர்மோகோல் பெட்டியோடு நின்றார். ஐஸ் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தார். விளமீனுக்கும் ஐசுக்கும் மேலே வாழையிலையில் பொதிந்து ஒரு முழம் மல்லி! "பொழுது சாயுற வரைக்கும் வாடாதுல்ல தம்பி" என்றார். கவிச்சி அடிக்காதா என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், மூக்கு மரத்துப்போயி இருவது வருசமாச்சு" என்று சிரித்தார். பஸ் வந்துவிட்டது. அன்றைக்கு டிக்கெட்டின் பின்னால் எழுதியது இது:

மீன் பெட்டியில்
ஐசுக்கு மேல் ஒரு முழம் மல்லி
பொழுது சாயும்வரை வாடாது

மூக்கு விஷயத்தைச் சேர்க்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாசமே தெரியாத ஒருவர் தினமும் பூ வாங்குகிறார் என்பது வேறொரு கவிதையாக இருக்கலாம். இதற்குள் அதைத் திணித்தால் இரண்டும் கெடும்.

கேள்வி: வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர வேலை. தோன்றுவதை எழுதி வைக்க நேரமே இல்லை, ரூமுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது. (சாயல்குடிக்காரர், இப்போது சவூதியில்)

பதில்: எழுத வேண்டாம் தம்பி. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு வாய்ஸ் போட்டு வையுங்கள், பத்து நொடி போதும். ஆனால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், அதைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று சொல்லாதீர்கள். நினைப்பு எப்படியும் திரும்ப வரும், பார்த்தது வராது. வெள்ளிக்கிழமை லீவில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கவிதை எழுதச் சொன்னால் "அன்னையே, நிலவே, அமுதத் தமிழே" என்றுதான் வருகிறது. கடலோரப் பிள்ளைகள், எவ்வளவோ பார்க்கிறார்கள், ஆனால் தாளில் ஒன்றும் வருவதில்லை. என்ன செய்வது? (திருவாடானை வட்டாரம்)

பதில்: டீச்சர், கவிதை என்ற சொல்லை முதலில் வகுப்பில் இருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகள் மேடையில் ஏறிவிடுகிறார்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான், பேச்சுப்போட்டியில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, "நேற்று இல்லாதது இன்றைக்கு என்ன இருந்தது?" என்று கேட்டு ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் தீவுப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் "ஒன்றும் இல்லை" என்றே எழுதினார்கள். ஒரு பையன், "எங்க நாய் இன்னைக்குக் குரைக்கல" என்று எழுதினான். இன்னொரு பிள்ளை, அவள் ஆச்சி தனுஷ்கோடிப் பக்கம் குடிசையில் இருப்பவர், எழுதியது இது: "ஆச்சி மண்ணைத் தோண்டித் தண்ணி எடுத்தா. ஆழமாத் தோண்டாத, உப்பு வந்துரும்னு சொன்னா."

டீச்சர், உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபுறமும் கடல் அடிக்கிற அந்த மணல் திட்டில் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேலேயே மிதந்துகொண்டு நிற்கிறது. மெல்லிய அடுக்கு. சிரட்டையால் பொறுமையாக மொண்டால் குடிக்கலாம், அவசரப்பட்டு ஆழம் போனால் கடல்தான் வரும். அந்தப் பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது, ஆச்சி சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். அதை அப்படியே கவிதை எழுதுவதற்கு ஒரு உபதேசமாக மாற்றிவிடலாம், எனக்குக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம்.

இன்னொரு பயிற்சி. ஆளுக்கு ஒரு பேர் வீட்டில் இருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். மீன் பேர், காற்றுப் பேர், பாசிப் பேர், புல் பேர், எதுவானாலும். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்கே நாலு பேர் வரும். பேய்க்கணவாய் வரும். மரிக்கொழுந்துப் பாசி வரும், கடலுக்கு அடியில் போய் மரிக்கொழுந்து என்று பேர் வைத்தவர் யாரோ, அவருக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும். மணல்மேட்டில் முள்ளுமுள்ளாக நிற்கிற புல்லுக்கு ராவணன் மீசை என்று பேர். அதன் காய்ந்த உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடும், பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ராமர் பேரில் இருக்கிற தீவில் ராவணன் மீசை! யாரும் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் "பாடு" என்ற சொல். படகு கரைக்கு வந்ததும் "பாடு எப்படி?" என்று கேட்கிறார்களே, மீன் எவ்வளவு கிடைத்தது என்று அர்த்தம். பட்ட கஷ்டத்துக்கும் பாடு என்கிறோம், பாட்டுப் பாடச் சொல்வதற்கும் பாடு என்கிறோம். ஒரு பையனை எழுப்பி, உங்க அப்பாவுக்கு இன்றைக்குப் பாடு எப்படிப்பா என்று கேட்டு, அவன் சொல்கிற பதிலைப் போர்டில் எழுதிப் போடுங்கள். அன்றைய பாடம் முடிந்தது.

கேள்வி: "ஆண்கடல் – பெண்கடல்" என்ற என் கவிதையை அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளலாமா? (மண்டபம்)

பதில்: தாராளமாக. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், அது முரடு இது சாது, இதைத் தனுஷ்கோடி ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற எல்லா அண்ணன்மாரும் உங்களைவிட அழகாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஏதும் குறையில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் நீங்கள் மண்டபத்துக்காரர், உங்களுக்கு அது பாதிதான் உண்மை என்று தெரியும். வாடைக்காலம் வந்துவிட்டால் அந்தச் சாதுக்கடல் என்ன ஆட்டம் ஆடும்! தென்கடல் அப்போது குளம் மாதிரிக் கிடக்கும். ஒரு கார்த்திகையில், வடகரையில் கிடந்த வள்ளத்தை டிராக்டரில் ஏற்றித் தென்கரைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். டீக்கடை, சலூன், ரேஷன் கடை வாசலெல்லாம் கடந்து ஒரு வள்ளம் தெருவில் போகிறது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டு, தாழ்வாகத் தொங்கிய கேபிள் ஒயரைக் கம்பால் தூக்கிவிட்டபடியே வருகிறான். உங்களுக்கு அது தினசரி என்பதால் விட்டுவிட்டீர்களோ என்னவோ. அந்தப் பையனை எழுதி அனுப்புங்கள், நிச்சயம் போடுகிறேன்.

கேள்வி: ஹைக்கூவுக்கு 5-7-5 கட்டாயமா? (பரமக்குடி)

பதில்: மூன்று வரிக்கு 5, 7, 5 என்று ஜப்பானியர் எண்ணுவது ஒலிக்கூறுகளை. நம் குறில், நெடில், ஒற்றுக் கணக்குக்கு அது ஒத்துவராது, எழுத்தை எண்ணி எழுதினால் பஞ்சாங்கம் மாதிரித்தான் இருக்கும். பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவரை ஈர்த்ததும் எண்ணிக்கை இல்லை, சொற்சுருக்கம்தான். மூன்று வரி போதும், எண்ண வேண்டாம்.

கேள்வி: உங்கள் பதில்கள் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. 1964 புயலில் ஒரு ஊரே போனது. இன்றைக்கும் கடலுக்குப் போன பிள்ளைகள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் வருவதில்லை. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு மல்லிகைப் பூவையும் நாய் குரைக்காததையும் எழுதச் சொல்கிறீர்களே, இது நியாயமா? (ராமேஸ்வரம், வயது 71)

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஒரு பங்கு எனக்கும் உண்டு. மூன்று நாள் இந்தக் கடிதத்தை மேசையிலேயே வைத்திருந்தேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி பற்றி என்னிடம் வந்த கவிதைகள் ஒரு கட்டு இருக்கும். பெரும்பாலானவற்றில் கடல் பேயாகிறது, வாய் பிளக்கிறது, ரயிலை விழுங்குகிறது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில் அலையில் போனது நிஜம். ஆனால் கடலைப் பேயாக்கினால் படிக்கிறவன் பேயைத்தான் பார்க்கிறான், ரயிலில் இருந்தவர்களைப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி, தனுஷ்கோடியில் பிறந்தவர், புயலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்து குடியேறியவர். காற்று பலமாக அடிக்கிற ராத்திரிகளில் அவர் செருப்பைக் கழற்றாமல் படுப்பார். பாய் அழுக்காகிறது என்று மருமகள் திட்டுவாள், அதற்காகவே பழைய சாக்கு ஒன்றைக் கால்பக்கம் விரித்து வைத்திருக்கிறார். அறுபது வருடம் ஆகிவிட்டது. புயலைப் பற்றி ஒரு வார்த்தை அவர் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பிடிபட்டவர்கள் விஷயமும் அப்படித்தான். படகுத்துறைக்கு மேலே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு டி.வி.எஸ். 50 மூன்று வாரமாக நின்றது. படகு வரவில்லை, வண்டிக்காரர் வரவில்லை. ஒருநாள் மழை பெய்தது. மறுநாள் காலையில் பார்த்தால் சீட்டின்மேல் உரச்சாக்கு போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. கட்டியது அவர் வீட்டாள் இல்லையாம், பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இன்னொருவர். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது நம் பழைய ஆட்கள் வழிதான். அகநானூற்றில் 70-வது பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. ராமன் இந்தக் கரைக்கு வந்ததைச் சொல்கிறார், "தொன்முது கோடி" என்கிறார், அதை நம் தனுஷ்கோடி என்றே கொள்கிறார்கள். அதில் போர் நடக்கவில்லை, அணை கட்டவில்லை, அம்பு பறக்கவில்லை. விழுது விட்ட ஒரு ஆலமரத்தடியில் ராமன் ரகசிய ஆலோசனை நடத்துகிறான், மரத்தில் பறவைகள் சத்தம் போடுகின்றன, அவற்றை அடக்குகிறான் என்று உரை சொல்கிறார்கள். அவ்வளவுதான் ராமாயணம். அதுவும் எதற்காக வருகிறது? ஒரு பெண்ணைப் பற்றி ஊர் கன்னாபின்னாவென்று பேசிக்கொண்டிருந்தது, கல்யாணம் முடிவானதும் அந்த மரம் மாதிரி ஊர் கப்பென்று அடங்கிப்போச்சு என்று தோழி சொல்கிறாள். பாட்டு தொடங்குவது எங்கே தெரியுமா, நல்ல வேட்டை வாய்த்த பரதவர் குடியிருப்பில், கொழுத்த கண் உள்ள அயிலை மீனைப் பங்கு பிரிப்பதில்! மீன் பங்கு, ஊர் வம்பு, நடுவில் ராமன். இரண்டாயிரம் வருடப் பக்கமாக அந்தப் பறவைகள் அடங்கிய மரம் அப்படியே நிற்கிறது.

நீங்கள் 71 வயதில் எழுதுகிறீர்கள், அப்படியென்றால் புயலன்று உங்களுக்குப் பத்து வயது இருந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி உங்கள் கையில் என்ன இருந்தது? அதை எழுதி அனுப்புங்கள். என்னோடு சண்டை போடுவதை அதற்கப்புறம் தொடரலாம்.

கேள்வி: கீழே உள்ளது கவிதையா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். (கீழக்கரை, பதினோரு கவிதை அனுப்பியவர்)

பாலைவனத்தில் எரிந்த தியாகச் சுடர்
என் வாப்பா ஊர் வந்து சேர்ந்தார்
மீன் கடையில் விலை கேட்டு
மனதுக்குள் ரியாலில் கணக்குப் போடுகிறார்
தியாகத்தின் மறுபெயர் தந்தையன்றோ

பதில்: நடுவில் இரண்டு வரி கவிதை. மேலேயும் கீழேயும் சுவரொட்டி. முதலிலேயே தியாகச் சுடர் என்று பட்டம் கொடுத்துவிட்டீர்கள், அதற்கு அப்புறம் அவர் மீன் கடைக்கு வந்து நின்றாலும் எங்களுக்குக் கட் அவுட்தான் தெரிகிறது. கடைசி வரி எங்களை அழச் சொல்கிறது, அழச் சொன்னால் அழுகை வராது.

என் கதையையும் கேளுங்கள். இருபத்திரண்டு வயதில் பாம்பன் பாலம் பற்றி நாற்பது வரி எழுதினேன். "இரும்பின் தவம்" என்று ஒரு வரி வேறு. அப்போது ஒரு சிற்றிதழ் நடத்தியவர் அதைத் திருப்பி அனுப்பினார், ஓரத்தில் பென்சிலால், "நீ எங்கே நின்று பார்த்தாய்?" என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கேயும் நிற்கவில்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. ஒரு மாதம் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது நானும் எல்லோருக்கும் அதையே பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கவிதையோடு வைத்த கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "விலை கேட்டுவிட்டு வாப்பா உதட்டை மட்டும் அசைப்பார்கள், உம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்." தம்பி, இதைப் போய்க் கடிதத்தில் வைத்துவிட்டு, கவிதையில் "மனதுக்குள்" என்று போட்டிருக்கிறீர்களே! மனதுக்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? உதடு அசைவதுதான் தெரியும். நான் கை வைத்தால் இப்படி இருக்கும், பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்:

சீலா கிலோ என்ன விலை?
கேட்டுவிட்டு வாப்பாவின் உதடு அசைகிறது
ரியாலில்

இதில் உம்மா சிரிக்கிற இடம் விட்டுப்போகிறது, அது எனக்கும் வருத்தம்தான். அவருக்கு ஒன்று தனியாக எழுதுங்கள். மற்ற பத்துக் கவிதைகளை நான் திருத்தவில்லை. அவற்றோடு வந்த கடிதங்களை நீங்களே திரும்பப் படியுங்கள், எனக்கென்னவோ நல்ல வரிகள் அங்கேதான் கிடக்கின்றன.

கேள்வி: என் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். நான் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் கவிதை எழுதுவேன். அம்மா சாதாரணமாகப் பேசும்போது சில வார்த்தைகள் வந்து விழும், நான் எழுதுவதைவிட அது நன்றாக இருக்கும். போன வாரம் அம்மா சொன்னது: "தண்ணிக்குள்ள அழுதா கண்ணாடிக்குள்ளதான் கெடக்கும், கடலுக்குக்கூடப் போவாது." இதை நான் என் கவிதையில் வைத்துக்கொள்ளலாமா? திருட்டு ஆகுமா? (வேதாளை)

பதில்: இந்த வாரம் வந்ததில் இதுதான் என்னை உட்கார வைத்த கடிதம்.

தெரியாத வாசகர்களுக்காக: பாசி எடுக்கிற பெண்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாறையில் விரல் கிழியாமல் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆன பிறகு அந்தப் பக்கம் போவதற்குக் கெடுபிடி வேறு. கரைக்கு வந்து உலர்த்தி எடை போட்டு வாங்கும் காசு பட்ட பாட்டுக்கு ஏற்றதாக இருப்பதில்லை. இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் என்ன கிடக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முங்கினவருக்குத்தான் அது தெரியும்.

திருட்டா என்று கேட்டீர்கள். உங்கள் பேரில் போட்டால் ஆமாம். அம்மா பேரில் போட்டால் இல்லை. முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி என்று எதையும் ஒட்டாதீர்கள், "போவாது" என்று சொன்னதைப் "போகாது" என்று திருத்தாதீர்கள். இரண்டு வரியாக உடைத்து, கீழே அம்மாவின் பேர், ஊர். எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கிழித்துவிடுங்கள். யோசிக்காமல் சம்மதித்தாலும் ஒரு நாள் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள், அழுததைப் பற்றியது இல்லையா, ஊரில் நாலு பேர் படிப்பார்கள்.

சம்மதம் என்றால் இந்தப் பத்திரிகைக்கே அனுப்புங்கள். சன்மானம் அம்மா பேருக்கு வரும்படி ஆசிரியரிடம் நான் சொல்கிறேன். அப்புறம் ஒரு விஷயம், அம்மா எதற்காக அழுதார் என்று எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் கேட்டீர்களா?